ரத்தம் நின்றபின் 27 நாள்: தோவாளைப் பூ வியாபாரி ஒருவரின் மூக்கு

ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்துவிட்டால் பைக்கில் போகிறவர் நிமிர்ந்து உட்கார முடியாது. முப்பந்தல் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயாமல் கிடக்கிற அதே வாரத்தில், கணவாய்க்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு உதடு வெடிக்கும். ஒரே மாவட்டம்தான், சின்ன மாவட்டமும்கூட. ஆனால் மூக்குக்கு அது இரண்டு வேறு ஊர்.

இந்த நோயாளி அந்தக் காற்றை எதிர்த்து, ஆரல்வாய்மொழியிலிருந்து தோவாளைப் பூச்சந்தைக்குத் தினமும் விடிகாலை மூன்று மணிக்கு பைக்கில் போகிறவர். வயது 56. மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து, இதயக் குழாய் அடைபடாமல் இருக்க உள்ளே ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் 75 மில்லிகிராம், பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று மூன்று மாத்திரை. சர்க்கரை இல்லை. ஆள் தெரியக்கூடாது என்பதற்காக ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இதில் அரிய நோய் எதுவும் இல்லை. மூக்கில் ரத்தம் வந்தது, அவ்வளவுதான். எங்கள் பக்கம் 'சில்லுமூக்கு உடைஞ்சுட்டு' என்பார்கள். அதை நிறுத்த எனக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த இடம் ஆறி முடிந்தது 27ஆம் நாள். நடுவில் இரண்டு தடவை திரும்ப ஒழுகியது. முதல் தடவை ஒழுகியதில் என் பங்கும் உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் காலை

சந்தைக்குள் வண்டியை நிறுத்தி இறங்கும்போதே மேலுதட்டில் ஈரம் பட்டிருக்கிறது. சளி என்று துடைத்திருக்கிறார். கை சிவந்திருந்தது. சுற்றி இருந்தவர்கள் பூ மூட்டைச் சாக்குகளின் மேல் அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, பிச்சிப்பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரைத் தலையில் ஊற்றியிருக்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் மல்லாந்தவுடன் வெளியே வர வேண்டிய ரத்தம் தொண்டை வழியாக வயிற்றுக்குப் போயிற்று. இருபது நிமிடத்தில் அவர் கொத்தாகக் கறுப்புச் சிவப்பில் வாந்தி எடுக்க, எல்லாரும் பயந்துபோய் ஆட்டோவில் ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தார்கள்.

என்னிடம் வந்தபோது மணி நாலேமுக்கால். இடது பக்கம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பிரஷர் 168/96, நாடித்துடிப்பு 104. கூடவே வந்த மனைவி, "டாக்டரே, ஒரு செம்பு ரத்தம் போயிட்டு" என்றார். அவர் கையிலிருந்த துவர்த்து (துண்டு) நனைந்திருந்தது. சட்டை முன்பக்கம் முழுவதும் கறை. பார்த்தால் ஒரு செம்பு என்றுதான் தோன்றும். ரத்தம் துணியில் பரவும் விதம் அப்படி. நான் போட்ட கணக்கு நூறு மில்லி, கூடிப்போனால் நூற்றிருபது.

நாற்காலியில் உட்காரவைத்து, தலையை முன்னால் குனியச் சொல்லி, மடியில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தேன். வாயில் வருவதைத் துப்பச் சொன்னேன். மூக்கின் எலும்பு முடிந்து மெத்தென்று ஆரம்பிக்கிற கீழ்ப்பாதியை இரண்டு விரலால் நானே பிடித்துக்கொண்டேன். பதினைந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நடுவில் ஒருதரம்கூடத் திறந்து பார்க்காமல். 'நின்னுட்டான்னு பாப்போமா' என்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை விரலை எடுப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது. அது ஒவ்வொரு தடவையும் கணக்கை முதலிலிருந்து தொடங்க வைக்கும்.

விரலை எடுத்தபோது சொட்டு நின்றிருந்தது. ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தில் நனைத்த பஞ்சைப் பத்து நிமிடம் உள்ளே வைத்து எடுத்துவிட்டுப் பார்த்தேன். இடது நாசியின் நடுச்சுவரில், முன்பக்கம், வாசலிலிருந்து விரல் நுனி தொடும் தூரத்தில், கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. தொண்டையின் பின்சுவரில் புதிய ரத்தம் இறங்கவில்லை. பிரஷரை மறுபடி பார்த்தேன்: 142/84. பயத்தில் ஏறியது பயம் தணிந்ததும் இறங்கியிருந்தது. ரத்தம் சொட்டும்போது எடுத்த ஒரே ஓர் அளவை வைத்துக்கொண்டு 'பிரஷரால்தான் உடைந்தது' என்று தீர்ப்பு எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மூக்கு ரத்தத்தில் பத்தில் ஒன்பது இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. 1879இல் லிட்டில் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும், 1884இல் கீசல்பாக் என்ற ஜெர்மன் மருத்துவரும் இதை விவரித்தார்கள். இன்றும் இரண்டு பேர் பெயராலும் அழைக்கிறோம். கண் பக்கத்திலிருந்தும், மூக்கின் பின்பக்கத்திலிருந்தும், அண்ணத்திலிருந்தும், மேலுதட்டிலிருந்தும் வருகிற தமனிக் கிளைகள் வந்து சேர்கிற நாற்சந்தி அது. நாற்சந்தி என்றால் போக்குவரத்தும் அதிகம், விபத்தும் அதிகம்.

அந்தப் புள்ளியை மருந்துக் குச்சியால் சுட்டு அடைப்பதைப் பொசுக்குவது என்போம். அன்று பொசுக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். தானாக நின்றுவிட்டது, முதல் தடவை, இடமும் தெளிவாகத் தெரிகிறது. ஹீமோகுளோபின் 13.1, தட்டணுக்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். மூன்று நாள் சந்தைக்குப் போக வேண்டாம், மூட்டை தூக்க வேண்டாம், மூக்கைச் சீந்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். இன்னும் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கறுப்பாகப் போனது

மறுநாள் காலை போன். "வெளிக்குக் கறுப்பா போகுது டாக்டரே. குடல்ல புண்ணா?" குடலில் ஒன்றுமில்லை. முந்தைய நாள் விழுங்கிய ரத்தம் செரித்து வெளியே போகிறது. ரத்தத்தில் உள்ள இரும்பு வயிற்று அமிலத்திலும் குடலிலும் மாறித் தார் நிறத்துக்கு வந்துவிடும். ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்பதால் வயிற்று வலி இருக்கிறதா, தலைசுற்றல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இரண்டும் இல்லை. மூன்றாம் நாள் நிறம் பழையபடி ஆனது.

இரண்டாம் நாள் எடுத்த ஹீமோகுளோபின் 12.2. வீட்டில் மறுபடி பதற்றம்: 'ரத்தம் நின்னப்புறமும் குறையுதே?' குறையத்தான் செய்யும். ரத்தம் வெளியேறிய அந்த மணி நேரத்தில் அணுக்களும் நீரும் ஒன்றாகவே போகின்றன. மிச்சம் இருக்கும் ரத்தம் அதே அடர்த்தியில் இருப்பதால் எண் மாறாது. பிறகு ஒன்றிரண்டு நாளில் உடம்பு தன் திசுக்களில் இருக்கும் நீரையும் நாம் குடிக்கும் நீரையும் வைத்து அளவை நிரப்பும். குழம்பில் தண்ணீர் விட்டதுபோல அடர்த்தி இறங்கும். முதல் நாள் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதும் இரண்டாம் நாள் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதும் ஒரே மாதிரியான தவறு.

காலண்டர் தாளில் மடித்த பொருக்கு

ஆறாம் நாள் மாலை திரும்ப வந்தார்கள். இந்தத் தடவை நிதானமாக, உட்கார்ந்து, குனிந்து, மூக்கைப் பிடித்தபடி. அதுவரை சந்தோஷம். மனைவி தினசரி காலண்டர் தாள் ஒன்றைப் பிரித்து மேசையில் வைத்தார்.

"இது வந்துட்டு டாக்டரே. ரெண்டு நாளா மூக்கு அடச்சிட்டு இருந்துது. துவர்த்து நுனியத் திரிச்சி உள்ளவிட்டு எடுத்துட்டாரு. எடுத்த உடனே ஒழுக ஆரம்பிச்சிட்டு."

புளியங்கொட்டைத் தோல் நிறத்தில், சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவில் ஒரு பொருக்கு. மேல்பக்கம் காய்ந்து, ஓரம் சுருண்டு, மூக்கு முடி இரண்டு ஒட்டியிருந்தது. ஊசியால் திருப்பிப் போட்டு விளக்கில் பார்த்தேன். அடிப்பக்கம் ஈரம். பளபளப்பு. அந்த ஈரத்தில் குண்டூசி முனை அளவில் ஏழெட்டு சிவப்புப் புள்ளிகள். அந்த ஒவ்வொரு புள்ளியும் கடந்த மூன்று நாளில் முளைத்து வந்துகொண்டிருந்த ஒரு நுண்குழாய். பொருக்கோடு சேர்த்து வேரோடு பிடுங்கியிருக்கிறார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் பார்வையில் அது அழுக்கு. ரத்தம் வந்தது, நின்றது, கட்டி காய்ந்தது, அதை எடுத்துப் போட வேண்டியதுதானே. அது அழுக்கு இல்லை, கூரை, உள்ளே வேலை நடக்கிறது என்று முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். பதினைந்து நிமிடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேனே, அப்போதே சொல்லியிருக்கலாம்.

உள்ளே நடந்த வேலை என்னவென்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். ஏனென்றால் நாள் கணக்கு தெரிந்தால்தான் எந்த நாளில் எதைத் தொடக்கூடாது என்பது புரியும்.

கிழிந்த குழாய் முதலில் தன்னைத்தானே சுருக்கிக்கொள்கிறது. விரலில் வெட்டுப்பட்டால் குழாயின் முனை சதைக்குள் பின்வாங்கிவிடும், சுற்றியிருக்கும் சதை அழுத்தும். மூக்கின் நடுச்சுவரில் அந்த வசதி இல்லை. அங்கே மெல்லிய சவ்வு குருத்தெலும்பின் மேல் சுவரில் போஸ்டர் ஒட்டியதுபோல ஒட்டியிருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட குழாய்க்கு ஒதுங்க இடமில்லை. வயதாக ஆகக் குழாயின் தசையும் நாராகிவிடுவதால் சுருங்கும் பலமும் குறைகிறது. அதனால்தான் வெளியிலிருந்து நம் விரல் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்து தட்டணுக்கள் கிழிசலில் ஒட்டி, ஒன்றையொன்று கூப்பிட்டு, சில நிமிடங்களில் ஒரு தற்காலிக அடைப்பு போடுகின்றன. ஆஸ்பிரின் தலையிடுவது இங்கேதான். தட்டணு மற்ற தட்டணுவைக் கூப்பிடப் பயன்படுத்தும் ஒரு நொதியை அது நிரந்தரமாக முடக்கிவிடும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புதிய நொதி செய்துகொள்ள வழியில்லை. அது வாழும் ஏழு முதல் பத்து நாள் வரை முடங்கியேதான் இருக்கும். எலும்பு மஜ்ஜை தினமும் சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் புதிதாக அனுப்புகிறது. ஆகவே இன்று மாத்திரையை நிறுத்தினால் இன்று மூக்குக்கு லாபம் எதுவும் இல்லை. ஸ்டென்டுக்கோ ஆபத்து உண்டு. இதய மருத்துவரிடம் பேசினேன். நிறுத்த வேண்டாம் என்றார். நானும் அதையேதான் நினைத்திருந்தேன். மூக்கு ரத்தத்துக்குப் பயந்து வீட்டிலேயே ஆஸ்பிரினை நிறுத்துகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். தயவுசெய்து கேட்காமல் செய்யாதீர்கள்.

தட்டணு அடைப்பின் மேல் ஃபைப்ரின் என்ற புரத நூல் வலைபோலப் பின்னுகிறது. சிவப்பணுக்கள் அந்த வலையில் மாட்டிக்கொள்கின்றன. இதுதான் நாம் பார்க்கும் ரத்தக் கட்டி. மூக்கு வழியாக நாளொன்றுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று போகிறது. அந்தக் காற்றுபட்டு மேல்பக்கம் காய்ந்து பொருக்காகிறது.

பொருக்குக்கு அடியில் முதல் இரண்டு நாள் துப்புரவு. வெள்ளை அணுக்களில் ஒரு வகை வந்து கிருமிகளைப் பிடிக்கும், அவற்றைத் தொடர்ந்து பெருவிழுங்கிகள் வந்து செத்த அணுக்களையும் குப்பையையும் அள்ளும். மூன்றாம் நாளுக்கு மேல் கட்டுமானம். நார் நெய்யும் அணுக்கள் நுழைகின்றன. பக்கத்துக் குழாய்களிலிருந்து புதிய நுண்குழாய்கள் முளைவிட்டு வருகின்றன. இவற்றின் சுவர் ஒரே ஓர் அணு கனம்தான். மேல்பூச்சு இன்னும் நடக்கவில்லை. தொட்டாலே கசியும். நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை புண்ணில் ரத்தக் குழாய்கள் அதிகம், பலம் குறைவு. அதே நாட்களில்தான் பொருக்கு நன்றாகக் காய்ந்து மூக்கை அடைக்கிறது, அரிக்கவும் செய்கிறது. ஆறுகிற புண் அரிக்கும் என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மூக்குக்குள் இருக்கும்போது மட்டும் அது மறந்துபோகிறது.

ஓரத்திலிருந்து மேல்தோல் அணுக்கள் பொருக்குக்கு அடியில் வழுக்கிக்கொண்டு நடுவை நோக்கி நகர்கின்றன. இரண்டு ஓரமும் சந்தித்துக்கொண்டால் பொருக்குக்கு அங்கே வேலையில்லை. கட்டியைக் கரைக்கும் பொருள் உடம்பிலேயே இருக்கிறது. அது நூலை அறுத்துவிட, ஒருநாள் தும்மும்போதோ முகம் கழுவும்போதோ தானாக வந்து விழும். அப்படி விழுகிற பொருக்கின் அடிப்பக்கம் காய்ந்திருக்கும், சிவப்புப் புள்ளி இருக்காது. காலண்டர் தாளில் வந்தது எது என்று இப்போது தெரியும்.

அன்று இடது பக்கத்தில் சில்வர் நைட்ரேட் குச்சியால் பொசுக்கினேன். மரத்துப்போகும் மருந்து வைத்து, புள்ளியைச் சுற்றி முதலில், கடைசியில் புள்ளியின் மேல், சில விநாடிகள். இடம் சாம்பல் கலந்த வெள்ளையாகியது. மனைவி உடனே கேட்டார்: "அப்போ மொதல் நாளே ஏன் பொசுக்கல?" நியாயமான கேள்வி. என் பதில்: பொசுக்குவதும் ஒரு புண்தான். கடுகளவு ஓட்டையை அடைக்கத் துவரம்பருப்பு அளவுக்கு ரணம் உண்டாக்குகிறோம். தானாக ஆறும் என்று நம்ப இடமிருந்தால் அதை விட்டுப் பார்க்கலாம். தவிர, நடுச்சுவரின் குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. இரண்டு பக்கச் சவ்விலிருந்தும்தான் அதற்குச் சாப்பாடு. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் எதிரெதிரே பொசுக்கினால் நடுவே ஓட்டை விழலாம். அதனால் ஒரு பக்கம் மட்டும்.

பொசுக்கிய அன்றே நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. இந்தத் தடவை அதை ஒரு தாளில் எழுதியே கொடுத்தேன்.

ஆறுவதும் காய்வதும்

எழுதிக்கொடுத்ததில் முதல் வரி: மூக்கை ஈரமாக வைத்திருக்கணும். உப்புநீர்ச் சொட்டு நாளுக்கு நாலு வேளை. இரவு படுக்கும்முன் குன்றிமணி அளவு களிம்பை நாசி வாசலில் தடவி, வெளியிலிருந்து மெல்ல அழுத்திவிட வேண்டும். விரலை உள்ளே விட்டு நடுச்சுவரில் தேய்க்கக் கூடாது.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "புண்ணுன்னா காயணும்லா டாக்டரே? ஈரம் வச்சா சீழ் வைக்கும்லா?"

நம் பேச்சில் இந்தக் குழப்பம் ஊறிக் கிடக்கிறது. புண் ஆறிவிட்டது என்கிறோம், புண் காய்ந்துவிட்டது என்றும் சொல்கிறோம், இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சிறு புண்கள் ஏற்படுத்தி, சிலவற்றை மெல்லிய உறையால் மூடி ஈரமாகவும் சிலவற்றைத் திறந்து காற்றாடவும் விட்டுப் பார்த்தார். மூடி வைத்த புண்களில் மேல்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. நகரும் அணுக்களுக்கு ஈரமான தரை வேண்டும். தரை காய்ந்துவிட்டால் அவை பள்ளம் தோண்டிக்கொண்டு, காய்ந்த பகுதிக்கு அடியில் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. வயலில் ஈரம் இருந்தால்தானே நாற்று பிடிக்கும் என்றேன். பூ வியாபாரியிடம் வயலைப் பற்றிப் பேசியது பொருந்தியதோ என்னவோ, தலையாட்டினார்.

தேங்காய் எண்ணெய் விடலாமா என்று மனைவி கேட்டார். குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. வாசலில் ஒரு துளி தொட்டு வைப்பதில் பெரிய தீங்கில்லை. படுத்துக்கொண்டு மூக்கில் ஊற்றுவது வேறு. எண்ணெய் மெல்ல மெல்ல நுரையீரலுக்கு இறங்கி அங்கே அழற்சி உண்டாக்கும். வயதானவர்களிடம் இப்படி நடப்பதுண்டு. ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மற்றபடி தாளில் இருந்தவை: தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவும். இரண்டு தலையணை வைத்துப் படுக்கவும். இரண்டு நாளைக்குச் சாயாவை ஆறவைத்துக் குடிக்கவும். இரண்டு வாரம் மூட்டை தூக்கக் கூடாது. முக்கி மூட்டை தூக்கும்போது தலைக்குப் போன ரத்தம் திரும்புவதில் அழுத்தம் ஏறும், ஒரு நுண்குழாய் திறக்க அது போதும். கடைசி வரி, பெரிய எழுத்தில்: பொருக்கைத் தொடாதீர்கள்.

பொடி டப்பா

பன்னிரண்டாம் நாள் மறுபடி கொஞ்சம் ரத்தம். பொசுக்கி ஆறு நாள். நாலிலிருந்து பத்துக்குள் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதே இடம். இந்தத் தடவை வீட்டிலேயே பன்னிரண்டு நிமிடம் பிடித்து அவரே நிறுத்திவிட்டார். பொருக்கைத் தொடவில்லை என்று சத்தியம் செய்தார். பார்த்தேன். பொய் இல்லை. வெள்ளைப் பொருக்கு பாதி கழன்று, அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் ஏறியிருந்தது. ஆனால் வலது நாசி வாசலில் தவிட்டு நிறத்தில் தூள் தூளாக ஏதோ.

நான் கேட்பதற்குள் மனைவி சொல்லிவிட்டார். "இவரு பொடி போடுவாரு டாக்டரே. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாரு."

மூக்குப்பொடி. இருபது வருடப் பழக்கம். முதல் நாள் பீடி, சிகரெட் உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார், உண்மைதான். பொடி உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது யார் பொடி போடுகிறார்கள் என்ற எண்ணம். விடிகாலைச் சந்தையில் தூக்கம் கலைய இன்னும் போடுகிறார்கள் என்று இப்போது தெரியும். புகையிலைத் தூள் சவ்வை உலர்த்தும், அரிப்பைக் கிளப்பும், அடுக்கடுக்காகத் தும்மவைக்கும். இடது பக்கம் புண் என்று வலது பக்கம் மட்டும் போட்டிருக்கிறார், கவனமாகத்தான். ஆனால் தும்மல் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தானே வருகிறது.

திட்டவில்லை. நாள் கணக்கை விளக்கி, இன்னும் பத்து நாள் பொடி இல்லாமல் இருந்தால் போதும், அப்புறம் பேசுவோம் என்றேன். 'இனிமேல் ஆயுசுக்கும் கூடாது' என்று தொடங்கியிருந்தால் பத்து நாளும் கிடைத்திருக்காது என்பது என் அனுபவம். சட்டைப்பையிலிருந்த தகர டப்பாவை மனைவி வாங்கிக்கொண்டார்.

வேறு காரணங்களையும் இந்த இடத்தில் ஒருதரம் ஓட்டிப் பார்த்தேன். மூக்கின் உட்பகுதியைக் குழாய்க் கேமராவில் பார்த்ததில் கட்டி இல்லை. உடம்பில் நீலத் திட்டுகளோ ஈறில் கசிவோ இல்லை. நடுச்சுவர் கொஞ்சம் இடதுபக்கம் வளைந்திருக்கிறது. காற்று அந்த வளைவில்தான் நேராக மோதுகிறது, அதுவும் ஒரு காரணம். ஒரே பக்கம் அடைப்போடு திரும்பத் திரும்ப ரத்தம் வந்தால், முக்கியமாக விடலைப் பையன்களுக்கு வந்தால், உள்ளே பார்க்காமல் விடக்கூடாது. மலையடிவாரத்து ஓடைகளில் குளித்து அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு மூக்கில் அட்டை ஏறியிருந்து ரத்தம் வருவதும் உண்டு. அதை ஒருதரம் விளக்கடியில் அசையப் பார்த்தவர்கள் பிறகு மறக்க மாட்டார்கள். அரை மணி நேரம் பிடித்தும் நிற்காத ரத்தம், தொண்டை வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும் ரத்தம், மயக்கம், தலையில் அடிபட்டபின் வருவது ஆகியவை வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமில்லை.

போன ரத்தம்

மூக்கு ஆறிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் மஜ்ஜை வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டாவது ரத்தப்போக்குக்குப் பின் ஹீமோகுளோபின் 11.6. மொத்த இழப்பு இருநூறு மில்லிக்குப் பக்கத்தில் இருக்கும். ரத்ததானம் செய்கிறவர் கொடுப்பது 350 மில்லி, அதைவிடக் குறைவுதான். ஆக்ஸிஜன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து ஒரு ஹார்மோனை அனுப்பும். மூன்று முதல் ஐந்து நாளில் இளம் சிவப்பணுக்கள் ரத்தத்தில் கூட ஆரம்பிக்கும், ஏழு முதல் பத்து நாளில் உச்சம்.

தாமதம் ஆவது இரும்பில். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு. இருநூறு மில்லி என்றால் நூறு மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவது நாளுக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம், அதிலும் பெரும்பகுதி அன்றாடச் செலவுக்கே போய்விடும். கையிருப்பு திரும்ப மாதங்கள் ஆகும். அதனால் இரும்புச்சத்து மாத்திரை எழுதினேன், மறுபடி கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொன்னேன். சாப்பாட்டில் மாற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. அவருக்குப் பிடித்த மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சாளை மீன் கறியும் நல்லதுதான், மீனில் உள்ள இரும்பு சீக்கிரம் சேரும். கெடுப்பது சாப்பிட்ட கையோடு குடிக்கும் கட்டன் சாயா (பால் விடாத தேநீர்). தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொன்னேன். மாத்திரையோடு ஒரு நெல்லிக்காய்.

இருபத்தேழாம் நாள்

பொசுக்கி இருபத்தோரு நாள். பொருக்கு இரண்டு நாள் முன்பு முகம் கழுவும்போது தானாக விழுந்துவிட்டது. அதையும் காலண்டர் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார்கள், நான் கேட்காமலே. அடிப்பக்கம் காய்ந்து வெளிறியிருந்தது. உள்ளே பார்த்தால் புள்ளி இருந்த இடத்தில் பக்கத்தைவிடக் கொஞ்சம் வெளிறிய, வழவழப்பான தோல். ரத்தக் குழாய் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வந்த வேலை முடிந்ததும் அதிகப்படி நுண்குழாய்கள் தாமாகவே சுருங்கி மறைந்துவிடும்.

இந்தத் தோல் இன்னும் முழுசாகப் பழையபடி ஆகவில்லை. சளியைத் தள்ளிக்கொண்டு போகிற நுண்முடிகள் புதுத் தோலில் முளைக்க இன்னும் சில வாரம் ஆகும். அதுவரை அந்த இடத்தில் சளி தங்கிக் காய்ந்து, சின்னச் சின்னப் பொருக்காகும். அடியில் உள்ள நார் மாதக்கணக்கில் முறுக்கேறும். தோலில் ஆன தழும்பு எத்தனை முறுக்கேறினாலும் பழைய பலத்தில் எண்பது சதவீதத்தைத் தாண்டுவதில்லை. மூக்குச் சவ்விடமும் அதற்கு மேல் எதிர்பார்க்க நான் தயாரில்லை. ஆகவே உப்புநீர் இன்னும் ஒரு மாதம்.

ஓணத்துக்குக் கேரளாவுக்குப் பூ ஏற்றுகிற நாட்களில் அவரை வீட்டில் உட்காரவைக்க முடியாது, நானும் முயலவில்லை. முகத்தை மூடிய ஹெல்மெட், உள்ளே மூக்கை மறைத்து ஈரமில்லாத துணி, மூட்டையைத் தூக்க மகன். ஏழாவது வாரம் வந்தபோது ஹீமோகுளோபின் 12.9. மூக்கில் ரத்தம் இல்லை. பொடியைப் பற்றிக் கேட்டேன். பத்து நாள் என்று சொன்னது முப்பத்தைந்து ஆகிவிட்டது, டப்பா எங்கே என்று கேட்டால் மனைவி சொல்ல மாட்டேன் என்கிறாராம். மனைவி சிரித்தார், அப்போதும் சொல்லவில்லை.

அடுத்த ஆடிக்குக் காத்திராமல் வைகாசியிலேயே ஒருதரம் வந்து காட்டச் சொல்லியிருக்கிறேன்.